மிச்சம் பதினேழு நொடி

6

வெள்ளிக்கிழமை காலை, கண்ணெதிரே ஒரு கல்யாணம் செத்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றுவதற்காகப் பிடித்துவரப்பட்ட துப்பறியும் நிபுணர் ஹெர்லினாவோ என் சாப்பாட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என்னுடைய அரைகல்லை முகர்ந்துகொண்டிருந்தாள்.

“பிபி, இதை லிலிஸ் எதுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க?”

“சம்பல் அரைக்க. போன வெள்ளிக்கிழமை. அவ கல்லு உடைஞ்சிருச்சாம். ஏன் நெங், கண்ணு, பசிக்குதா? கல்லைத் தின்னாதே. காய்கறியில கடலைச்சாந்து போட்டு லோதேக் பிரட்டித் தர்றேன்.”

“திருப்பிக் குடுத்ததுக்கு அப்புறம் நீங்க இதுல அரைச்சீங்களா?”

“இது விசேஷத்துக்கு எடுக்கிற பெரிய கல்லு. விசேஷம் எங்க வந்துச்சு? வரவேண்டிய ஒண்ணும் இன்னிக்கு மத்தியானம் நிக்கப்போகுது.”

“அப்ப இதுல மிளகா மணக்கணும். மணக்கலயே.”

சொல்லிவிட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கையில் இருந்த பேனாவை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். ஹெர்லினா முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, பெரும்பாலும் பிறர் கணவன்மார்களைப் பிடிக்கிறாள். துணைக்கு ஆள் கிடையாது. ஆகவே நானே என்னைத் துணைக்கு நியமித்துக்கொண்டேன். நான் இந்தச் சந்துக்கே பிபி, அதாவது அத்தை; இங்கே எந்த வீட்டில் என்ன வெந்தது, எது கருகியது என்பதெல்லாம் என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

விஷயம் இதுதான். எதிர்வீட்டு நந்தாங் சட்டை அச்சடிப்பவர். பாண்டுங்கில் எங்கள் சூச்சிப் பக்கம் கல்லை எறிந்தால் சட்டை அச்சடிப்பவன் தலையில்தான் விழும். மனைவி லிலிஸ், ஒரே மகள் ரின்ரின். அவளுக்கு நிச்சயமான பையன் கிலாங், எலக்ட்ரானிக்ஸ்காரன். மாமனாருக்கு அவன் கொடுத்த முதல் சீர், தன் கையால் செய்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் இப்போது அவனுக்குக் குழி தோண்டிவிட்டது.

ஒரு மோட்டார் சைக்கிள் கிளப் தன் ஆண்டு விழாவுக்குச் சட்டை அடிக்கச் சொல்லியிருந்தது. பழைய ஸ்கூட்டரில் சாய்ந்து தூங்கும் புலி, நாலு வண்ணம். விழா வரைக்கும் வெளியே தெரியக் கூடாது என்று நிபந்தனை. போன ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டுடுங் என்பவன் தன் கடையில் அதே புலியை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். கிளப் ஆர்டரைப் பிடுங்கிக்கொண்டு போனது. நந்தாங் போய் அவன் சட்டையைப் பிடித்தபோது டுடுங், ‘காங்’ என்று அண்ணன் முறை சொல்லிச் சிரித்தானாம். “என்னை எதுக்கு காங் கேக்கறீங்க? உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க.”

அவ்வளவுதான். “வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்ச கையோட அவங்க வீட்டுக்குப் போய் மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்” என்றுவிட்டார் நந்தாங். ரின்ரின் அழுதுகொண்டே ஜெராக்ஸ் கடைப் படி ஏறினாள். இன்று அந்த வெள்ளிக்கிழமை. வானமும் ஒரு முடிவுக்கு வராமல் மேகத்தை இழுப்பதும் விலக்குவதுமாக இருந்தது.

“வாங்க பிபி,” என்றாள் ஹெர்லினா. “கல்லையும் எடுத்துக்குங்க.”

“ஏன், அதுவும் துப்பறியுதா?”

“உங்களை விட நல்லா.”

பட்டறையில் நந்தாங் தொழுகைக்கான சட்டையும் லுங்கியும் அணிந்து தயாராக நின்றார். கிலாங் சுவரோரம் நின்றான். அவனுக்கும் அவருக்கும் நடுவில் ரின்ரின். சமையலறையில் லிலிஸ் எதையோ எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் சாக்கு போர்த்திய பெட்டி.

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து யாரையும் தொடவிடல,” என்றார் நந்தாங், சவத்தைக் காட்டுவதுபோல.

ஹெர்லினா சாக்கை விலக்கினாள். “கிலாங், எனக்குப் புரியற மாதிரி சொல்லு. பிபிக்கும் புரியணும்.”

“எனக்குப் புரியலைன்னா தெருவுக்கே புரியாது, பாத்துக்க,” என்றேன்.

கிலாங் தொண்டையைச் செருமினான். ஸ்கிரீன் துணியில் ரசாயனம் பூசிக் காயவைத்து, மேலே பிலிமை வைத்து வெளிச்சம் காட்டவேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து ஓடும். அந்த ஓட்டை வழியாக மை இறங்கும். எங்கள் சூராபி அப்பம் சுடுவதைப் போலத்தான். சீக்கிரம் எடுத்தால் மாவு, தாமதித்தால் கரி. முன்பு இதற்கெல்லாம் கூரைமேல் வெயில்தான். பாண்டுங் வெயிலை நம்பி யாரும் துணிகூடக் காயப்போடுவதில்லை.

“அதனாலதான் அடியில இந்தப் புற ஊதா எல்.இ.டி வரிசை. மேல கண்ணாடி, அதுக்கு மூடி. இந்தக் குமிழ் வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும். அந்தக் குமிழ் நேரத்துக்கு. உள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலர் நொடியைக் கீழ்நோக்கி எண்ணும். பூஜ்யம் வந்ததும் விளக்கை அணைச்சுட்டு பஸ்ஸர் அடிக்கும்.”

“நடுவுல மூடியைத் திறந்தா?”

“எண்ணுறது அப்படியே நிக்கும். மூடினா விட்ட இடத்துலேர்ந்து போகும். புதுசா ஆரம்பிக்க இந்தப் பொத்தான். இங்க கரண்ட் அடிக்கடி போகுதில்ல, அதனால மிச்ச நொடியை ஞாபகம் வச்சுக்கற மாதிரி எழுதியிருக்கேன். எத்தனை நாள் ஆனாலும் மறக்காது.”

“என் வீட்டுக்காரருக்கு இதுல ஒண்ணு பொருத்தித் தர முடியுமா?” என்றேன். ரின்ரின் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

ஹெர்லினா சுவிட்சைப் போட்டாள். சிவப்பு எழுத்தில் 17 என்று வந்தது.

“பாத்தீங்களா!” நந்தாங் குதித்தார். “போன வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து பாத்தப்பவும் இதே பதினேழு. வியாழக்கிழமை நாங்க கடைசி ஸ்கிரீன் போட்டப்போ பூஜ்யம் வரைக்கும் ஓடிச்சு. நாங்க இல்லாத நேரத்துல எவனோ பெட்டியைத் தொட்டிருக்கான். சாவி யார்கிட்ட? என்கிட்ட, இவன்கிட்ட. அன்னிக்கு எங்க மசூதியிலயும் இவனைக் காணோம்.”

“புது பஸ்ஸர் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் பாக். அங்கேயே தொழுதுட்டேன்,” என்றான் கிலாங்; பாக் என்றால் அப்பா, அந்த மரியாதையை அவன் இன்னும் விடவில்லை.

“கரண்ட் போயிருக்கலாமே?” என்றாள் ரின்ரின்.

“போகல,” என்றேன். “அன்னிக்கு எங்க வீட்டு ரைஸ் குக்கர் ஒழுங்கா வேலை செஞ்சுது. எனக்கே ஆச்சரியம்.”

ஹெர்லினா ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். டுடுங் கடையில் என்னை விட்டு வாங்கிவரச் சொன்னது. பேரம் பேசியதில் அவன் நொந்துபோனான் என்பது தனிக்கதை. புலியின் காதோரம் எள் போலப் புள்ளிகள், நாலு வண்ணத்திலும் ஒன்று.

“காங் நந்தாங், உங்க புலிக்கு இங்க மச்சம் உண்டா?”

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. பெட்டிக் கண்ணாடியைத் தடவினார். அங்கே ஒரு கறுப்புப் பசைத் துளி, எள்ளளவு. கிலாங் ஒட்டும்போது சிந்தியது. சுரண்டினால் கண்ணாடி கீறும் என்று விட்டிருந்தான். அது மறைத்த இடத்தில் எல்லா ஸ்கிரீனிலும் ஓட்டை விழும்.

“நாங்க அச்சுக்கு முன்னாடி அந்த ஓட்டையை டேப் போட்டு அடைச்சுடுவோம்,” என்றார் மெதுவாக.

“டுடுங்குக்கு அது தெரியாது. ஆக, அவன் புலியைப் பாத்து வரையல. உங்க பிலிமை வச்சு, இதே பெட்டியில போட்ட ஸ்கிரீன்.” பேனா டிக் என்றது. “இப்போ பதினேழுக்கு வருவோம். இது கிலாங் செஞ்ச பெட்டி. அவன் பஸ்ஸரை நம்பறவன். அது அடிக்கிறதுக்கு முன்னாடி மூடியைத் தூக்குவானா? தூக்கினாலும் பொத்தானை அழுத்தி மிச்சத்தை அழிக்கத் தெரியாதா?”

“தெரியாத எவனோ...”

“தெரியாதவன் இல்ல காங். பஸ்ஸரை மதிக்காதவங்க. தன் கணக்கு தனக்குப் போதும்னு நினைக்கிறவங்க. வெயில்ல பழகின கை.”

எல்லாரும் நந்தாங்கைப் பார்த்தோம். இந்த வீட்டில் வெயிலில் பழகியவர் என்று தெருவே சொல்லுவது அவரைத்தான். ‘சூரியனைக் கடிகாரமா வச்சிருக்கிறவர்’ என்று தன்னைப் பற்றி அவரே சொல்லி, அது தெருவில் நிலைத்துவிட்டது. சொந்தப் புலியைத் தானே திருடி, பிடிக்காத மாப்பிள்ளை தலையில் போட்டாரா? என் நாக்கு அரித்தது. சந்து முழுக்கச் சொல்ல இதைவிட நல்ல கதை வருஷத்தில் ஒன்றுதான் வரும்.

“என்னையா சொல்றே?” நந்தாங்கின் குரல் கூரையைத் தொட்டது.

“சொல்லல. செஞ்சு காட்டுங்க.” ஹெர்லினா கிலாங்கைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கினான். பொத்தானை அழுத்தி, வழக்கமான நேரத்தை வைத்து, எண்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டினான். காலையிலேயே ரின்ரின் சமையலறை வாசலில் நின்று ஒரு ஸ்கிரீனுக்கு ரசாயனம் பூசி வைத்திருந்தாள். ஹெர்லினா சொன்னபடி மிக மெலிசாக, ஒரே இழுப்பு. அதைப் பிலிம்மேல் வைத்து மூடினார்கள்.

“எப்ப எடுக்கணும்னு உங்களுக்குத் தோணுதோ, அப்ப மூடியைத் தூக்குங்க காங்.”

“இருபது வருஷம் வெயில்ல பண்ணினவனுக்குப் பரீட்சையா!”

விளக்கு எரிந்தது. மூடி இடுக்கில் ஊதா நிறம் கசிந்தது. நந்தாங் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டு அவிழ்ந்தது. மேலே பார்த்தார்; அங்கே சூரியன் இல்லை, டியூப் லைட்தான் இருந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது, நின்றது, முதலிலிருந்து ஆரம்பித்தது. கை மூடிக்குப் போனது, திரும்பியது. நெற்றியில் வியர்வை. ரின்ரின் நகத்தைக் கடித்தாள். கிலாங் தரையைப் பார்த்தான். ஹெர்லினா மட்டும் பெட்டியைப் பார்க்கவே இல்லை. சமையலறைத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே எண்ணெய்ச் சத்தம் நின்று போயிருந்தது. மெல்லிசாக ஒரு முனகல் மட்டும் கேட்டது. குழந்தைக்குத் தாலாட்டுவதுபோல.

“தூக்குங்க! போதும்! கருகிடும்!”

திரைக்குப் பின்னாலிருந்து லிலிஸ் கத்தினாள். நந்தாங்கின் கை யோசிக்காமல் மூடியைத் தூக்கியது. மனைவி சொன்னதும் தூக்கிப் பழகிய கை. மூளைக்குச் சேதி பிறகுதான் போயிருக்கவேண்டும்.

ஹெர்லினா டேப்பை உரித்தாள்.

17.

“அந்த ஸ்கிரீனைக் கழுவு ரின்ரின்,” என்றாள். கழுவினாள். கோடு கோடாக, புலியின் மீசை வரைக்கும் சுத்தமாகத் திறந்தது.

லிலிஸ் கரண்டியோடு வாசலில் நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அந்தக் கரண்டிக்கே புரிந்துவிட்டது.

“உங்க கடையில ரசாயனத்தைத் தடியாப் பூசுவீங்க,” ஹெர்லினா நந்தாங்கிடம் சொன்னாள். “அதைப் பதினேழு நொடி முன்னாடி எடுத்தா எல்லாம் கரைஞ்சு ஓடியிருக்கும். ஆனா டுடுங் புலி பிசிறில்லாம இருக்கு. அப்ப அது மெலிசாப் பூசின ஸ்கிரீன், வெளியிலேர்ந்து வந்தது. மெலிசைக் கண்ணாலேயே பாத்து அதுக்கு ஏத்தபடி எடுத்திருக்காங்க. அந்தக் கை யாரோடதுன்னு கேட்டேன், அடுப்படியிலேர்ந்து பதில் வந்துச்சு.” என் பக்கம் திரும்பினாள். “கூரையில கண்ணாடி மேல பாரம் வைப்பாங்க, பிலிம் நகராம இருக்க. பெட்டி மூடிக்கு அது தேவையில்ல. பழக்கம் விடுமா? பிபியோட கல்லு சம்பல் அரைக்கப் போகல. பாரம் வைக்கப் போச்சு.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கல்லே குற்றத்துக்கு உடந்தை; எனக்கு மட்டும் தெரியாது!

“அம்மா?” என்றாள் ரின்ரின்.

“டுடுங் கஞ்சன்,” என்றாள் லிலிஸ். முதலில் வந்த வார்த்தை அதுதான். “ரசாயனத்தைத் தண்ணி மாதிரிப் பூசுவான். ஒண்ணரைப் பாட்டுக்கு மேல தாங்காது.”

“என்ன பாட்டு?” நந்தாங்குக்குத் தலைகால் புரியவில்லை.

“கூரையில வெயில் புடிச்சது யாருங்க? நீங்க அச்சு மேசையில நிப்பீங்க. இவளைத் துணியில போட்டு முதுகுல கட்டிக்கிட்டு நான்தானே மேல நின்னேன். இவளைத் தூங்கவைக்கிற பாட்டுதான் எனக்குக் கணக்கு. சுளீர்னு அடிச்சா ஒரு பாட்டு, மேகம் போட்டா ரெண்டு. நீங்க கீழ வந்து உங்க கணக்குன்னு சொல்லிக்குவீங்க. சொல்லட்டுமேன்னு விட்டேன்.” கரண்டியைக் கீழே வைத்தாள். “பெட்டி வந்ததும், இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம்னீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க. எனக்குத்தான் கை சும்மா இருக்கல. சின்னக் கடைக்காரங்க ஸ்கிரீனைப் பின்வாசல் வழியா கொண்டுவருவாங்க. வெள்ளிக்கிழமை நீங்கல்லாம் தொழப் போற நேரம் பெட்டி சும்மாதானே கிடக்கு.”

பின்வாசல்! சாக்கடைச் சந்து! என் கடை இருப்பதோ முன்வாசல் பக்கம். இத்தனை நாளும் அரைத் தெருவைத்தான் நான் காவல் காத்திருக்கிறேன்.

“புலியை ஏன்மா குடுத்தீங்க?”

“குடுக்கல. டுடுங் வந்து, ‘காங் நந்தாங் பாதி ஆர்டரை என் பக்கம் தள்ளிவிட்டிருக்காரு, அவர் பிலிமை வச்சு நாலு ஸ்கிரீன் போட்டுக் குடுங்க தேதே’ன்னான். அக்கான்னு கூப்பிட்டான், நம்பிட்டேன்.”

எங்கள் தெருவில் யாரும் நம்பியிருப்பார்கள். கைக்கு மீறி வேலை வந்தால் பக்கத்துக் கடைக்குத் தள்ளுவது இங்கே தினசரி நடப்பது. அதைப் போய் யாரும் யாரிடமும் சரிபார்ப்பதில்லை. கேட்டால்தான் அவமானம்.

“ஞாயித்துக்கிழமைதான் புரிஞ்சுது. அன்னிக்கே அவன் பின்வாசல்ல வந்து நின்னான். நான் வாயைத் திறந்தா என் வெள்ளிக்கிழமை வேலையை உங்ககிட்டச் சொல்லிடுவானாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேற பிலிமும் எடுத்து வைக்கணுமாம்.”

“அப்பா இவரைத் திட்டினப்போ நீங்க பக்கத்துலயேதானே நின்னீங்க,” என்றாள் ரின்ரின். குரலில் அழுகை இல்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

லிலிஸ் கிலாங்கைப் பார்த்தாள். “நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு வெள்ளிக்கிழமை வந்துருச்சு தம்பி.”

கிலாங் பஸ்ஸர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். “உங்க பாட்டு ரொம்பச் சரியா இருக்கும்மா,” என்றான் கடைசியில். எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு மன்னித்தேன் என்று சொல்லத் தெரிந்த வழி அவ்வளவுதான் போலிருக்கிறது.

மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. சந்தில் செருப்புச் சத்தங்கள் கிளம்பின. நந்தாங் வாசல் பக்கம் ஓரடி வைத்தார், நின்றார்.

“அடுத்த வெள்ளிக்கிழமைன்னா... இன்னிக்கா?”

லிலிஸ் தலையாட்டினாள். “எல்லாரும் உள்ள போனதும் வருவான்.”

“பாங்கு முடிஞ்சு இன்னும் பிரசங்கம் இருக்கு,” என்றாள் ஹெர்லினா. “ஓடினா தொழுகையைப் பிடிச்சிடலாம் காங். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வாங்க.”

ஆக, ஒரு சமையலறையில் ஆறு பேர், பாதி பொரிந்த பலகாரம், ஒரு அரைகல். நந்தாங் இரண்டு செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். ஹெர்லினா பேனாவை அழுத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். என் துணையாளர் உத்தியோகத்தில் செய்த உருப்படியான ஒரே வேலை அது.

கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம்.

“தேதே லிலிஸ்! சீக்கிரம். அவங்க வர்றதுக்குள்ள நாலையும் போட்டுடலாம்.”

லிலிஸ் கதவைத் திறந்தாள். கறுப்புத் துணியில் சுற்றிய ஸ்கிரீன்களைப் பச்சைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு டுடுங் நின்றான். வாயில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு உள்ளே வருவதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து நந்தாங் வெளியே வந்தார்.

“காங்! நீங்க... தொழப் போகலையா?”

“போகணும். அதுக்குள்ள ஒரு சின்ன வேலை.”

கறுப்புத் துணியின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. காலையிலிருந்து கண்ணாமூச்சி ஆடிய வெயில் அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் இறங்கியது. பச்சை ரசாயனம் பூசிய நாலு ஸ்கிரீனும் முழு வெளிச்சத்தில்.

“ஐயோ! மூடுங்க காங்! வீணாப் போயிடும்!”

“லிலிஸ்,” என்றார் நந்தாங், டுடுங்கின் மணிக்கட்டை விடாமல். “எவ்வளவு நேரம்?”

“சுளீர்னு இருக்கு. இவன் பூச்சுக்கு அரைப் பாட்டு போதும்.”

“பாடு.”

பாடினாள். எங்கள் சந்தின் வரலாற்றில் தாலாட்டுக்கு ஒருவன் அழுதது அன்றுதான் இருக்கும். பாட்டு முடிந்தபோது நாலு ஸ்கிரீனும் பலகைபோல இறுகிப்போயிருந்தன; இனி அவற்றால் விசிறிக்கொள்ளலாம்.

“கிளப்காரங்களுக்கு நான் போன் பண்றேன்,” என்றாள் ஹெர்லினா. “புலியோட மச்சத்தைப் பத்தி டுடுங்கே சொல்லட்டும். தொழுகை முடியற வரைக்கும் இவர் இங்க அடுப்படியிலயே உக்காருவார். பிபி பாத்துக்குவாங்க.”

“பேச்சுத் துணைக்கா, காவலுக்கா?” என்றேன்.

“உங்க பேச்சே காவல்.”

நந்தாங் செருப்பைக் கீழே போட்டார். மாட்டப் போனவர் நிமிர்ந்து டுடுங்கைப் பார்த்தார்.

“அன்னிக்கு என்ன சொன்னே? ‘உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க’ன்னியே. அதோ நிக்கறான், என் மாப்பிள்ளை. கேளு. என்ன கேக்கணுமோ இப்ப கேளு.”

டுடுங் தன் வீணாய்ப்போன ஸ்கிரீன்களைப் பொறுக்கினான். ரின்ரின்தான் இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து விசும்பினாள். நந்தாங் அந்தப் பக்கமே பார்க்காமல் கிலாங்கின் தோளைப் பிடித்துத் தள்ளினார். “என்ன நிக்கிறே? ஓடு! பிரசங்கம் முடியப்போகுது!” இருவரும் சாக்கடையைத் தாண்டி ஓடினார்கள். அவசரத்தில் மாமனார் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் லிலிஸின் செருப்புமாக ஓடியதை நான் பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, குறைந்தபட்சம் சாயங்காலம் வரைக்கும்.

லிலிஸ் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“பிபி, அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்களேன்.”

“எதுக்கு? வைக்கவா, அரைக்கவா?”

“அரைக்க,” என்றாள். “மாப்பிள்ளை மத்தியானம் இங்கதான் சாப்பிடுறான்.”